மம்மாகுளோபின் ஸ்லைடு சரியாக வரவில்லையா? குறியைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி

அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்று ஒரு அம்மா வருகிறார். மார்பில் கைக்குத் தட்டுப்படும்படி எதுவும் இல்லை. நெறிக்கட்டியை எடுத்துச் சோதித்தால் புற்று என்று தெரிகிறது, எங்கிருந்து வந்த புற்று என்று தெரியவில்லை. மார்பகமா, நுரையீரலா, கருப்பையா? வைத்தியமே அதைப் பொறுத்துத்தான் மாறும். அப்போது பேத்தாலஜிஸ்ட் கேட்கிற ஸ்லைடுகளில் ஒன்று, மார்பகச் செல்கள் சுரக்கிற மம்மாகுளோபின் என்ற புரதத்துக்கானது. எலும்பில், கல்லீரலில், நெஞ்சில் கோத்த நீரில் கிடைக்கும் புற்றுச் செல்கள் மார்பகத்திலிருந்து வந்தவைதானா என்று பார்க்கவும் இது உதவும்.

திருநெல்வேலிச் சீமையில் மெஷின் இல்லாமல் கையாலேயே ஐஎச்சி (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியை ஒட்டவைத்துப் பழுப்பு நிறமாகக் காட்டும் சோதனை) போடுகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். "அண்ணாச்சி, மருந்து செத்துப்போச்சு போல, புதுசு வாங்கணும்" என்றுதான் பெரும்பாலும் போன் வரும். (மருந்து என்று சொல்வது ஆன்டிபாடியைத்தான்.) விசாரித்துப் பார்த்தால் மருந்து நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே, சில நேரம் திசு நம் லேப் வாசலுக்கு வருவதற்கு முன்பே, காரியம் கெட்டிருக்கும். அதனால் ஆன்டிபாடியின் மேல் பழி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மம்மாகுளோபின் 93 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்களான வாட்சனும் ஃபிளெமிங்கும் இதை விவரித்தார்கள். மார்பகச் சுரப்பிச் செல்கள் உண்டாக்கி வெளியே சுரக்கிற புரதம் இது. ஆகவே பழுப்பு நிறம் சைட்டோபிளாசத்தில்தான் வரவேண்டும். சுரப்பிக் குழியின் ஓரத்திலும் உள்ளே தேங்கிய சுரப்பிலும் வரலாம். நல்ல ஸ்லைடை 40-ஆம் லென்ஸில் வைத்துப் பாருங்கள். செல்லுக்குள் பழுப்பு நிறம் பொடிப்பொடியாக, நியூக்ளியஸைச் சுற்றி ஒரு பக்கம் கூடியும் இன்னொரு பக்கம் குறைந்தும் இருக்கும். நியூக்ளியஸ் சுத்தமான நீலமாக இருக்கும். பக்கத்து செல் முழுக்க வெறுமையாக இருக்கலாம், அதற்கடுத்த செல் பளிச்சென்று இருக்கலாம். இந்தத் திட்டுத்திட்டான தன்மை இந்தப் புரதத்தின் இயல்பு. அதைப் பார்த்துவிட்டு ஸ்லைடு சரியில்லை என்று திரும்பப் போடுகிறவர்கள் உண்டு, அது வீண் வேலை.

சந்தையில் அதிகம் பார்ப்பது இந்த ஆன்டிபாடியின் இரண்டு குளோன்கள், அதாவது இரண்டு வகைகள்: 304-1ஏ5 சுண்டெலியில் உண்டாக்கியது, 31ஏ5 முயலில் உண்டாக்கியது. உங்களிடம் இருப்பது எது என்று பாட்டில் லேபிளைப் பார்த்து எழுதி வையுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

எந்தக் குறையாக இருந்தாலும் நான்கு ஸ்லைடுகளை வரிசையாக வைத்துக்கொண்டுதான் யோசிக்கத் தொடங்க வேண்டும். பாஸிட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்த மார்பகப் புற்றுத் திசு ஒன்று (கண்ட்ரோல் என்று கீழே சொல்வது இதைத்தான்), நோயாளியின் திசு ஒன்று, அதே நோயாளியின் திசுவில் பிரைமரி ஆன்டிபாடி (மம்மாகுளோபினில் போய் ஒட்டுவது) போடாமல் வெறும் டைலுயன்ட் (அதைக் கலக்கும் நீர்மம்) போட்டது ஒன்று, குடல் அல்லது டான்சில் மாதிரி நிறம் வரக்கூடாத திசு ஒன்று. இந்த நான்கும் இல்லாமல் "வரல" என்று சொன்னால் யாராலும் காரணம் சொல்ல முடியாது.

கண்ட்ரோலும் வெள்ளை, நோயாளி ஸ்லைடும் வெள்ளை

இரண்டிலும் நியூக்ளியஸுக்கு ஏற்றுகிற ஹீமடாக்சிலின் நீலம் மட்டும்தான் தெரிகிறது என்றால் நோயாளியின் திசுவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். செய்முறையில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. கடைசிப் படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள்.

முதலில் டிஏபி, அதாவது பழுப்பு நிறம் தருகிற குரோமோஜன். கலக்கி வைத்த டிஏபியில் இருந்து இரண்டு சொட்டு ஒரு சின்னக் குழாயில் எடுத்து, அதில் எச்ஆர்பி பாலிமர் (பிரைமரியில் ஒட்டுகிற செகண்டரி ஆன்டிபாடியோடு, டிஏபியைப் பழுப்பாக்கும் எச்ஆர்பி என்சைமைச் சேர்த்தது) ஒரு சொட்டு விடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிவிட்டால் டிஏபியும் உயிரோடு இருக்கிறது, என்சைமும் உயிரோடு இருக்கிறது. நிறம் மாறவில்லை என்றால் அங்கேயே ஆள் அகப்பட்டுவிட்டார். காலையில் கலக்கிய டிஏபியைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வது, குரோமோஜனை ஊற்றிவிட்டுச் சப்ஸ்ட்ரேட் பஃபர் ஊற்ற மறப்பது, கெட்டுப்போக விடாது என்று யாரோ சொன்னதால் பஃபரில் சோடியம் அசைடு போடுவது, இவைதான் வழக்கமான காரணங்கள். அசைடு எச்ஆர்பி என்சைமை முடக்கிவிடும். பிரைமரி ஆன்டிபாடி பாட்டிலில் கொஞ்சம் அசைடு இருப்பது பரவாயில்லை, அது கழுவும்போது போய்விடும். கழுவுகிற பஃபரிலேயே அசைடு இருந்தால் அது கடைசி வரை கூடவே வரும். டிஏபி புற்று உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்: கையுறை போடுங்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேருங்கள்.

டிஏபி சரி என்றால் அதே நாளில், அதே கிட்டில், வேறொரு ஆன்டிபாடியை, சைட்டோகெரட்டினோ ஈஆரோ (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்), அதற்குரிய கண்ட்ரோலில் போட்டுப் பாருங்கள். அது நன்றாக வந்தால் செகண்டரியும் டிஏபியும் குற்றமற்றவை. குறை மம்மாகுளோபின் பாட்டிலிலோ அதற்கான ரிட்ரீவலிலோ இருக்கிறது. இங்கேதான் முன்பு எழுதி வைத்த குளோன் பெயர் உதவும். சுண்டெலி ஆன்டிபாடிக்கு முயல் செகண்டரி ஒட்டாது. இப்போது வரும் பாலிமர் கிட்டுகள் பெரும்பாலும் இரண்டையும் பிடிக்கும், ஆனால் மீதம் இருக்கிற பழைய கிட்டை வைத்து வேலை பார்க்கிற இடங்களில் இந்தத் தவறு இன்னும் நடக்கிறது.

அடுத்து ரிட்ரீவல். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடுகிறது, ஆன்டிபாடி ஒட்டவேண்டிய இடம் அதற்குள் மறைந்துவிடுகிறது. அந்தக் கட்டை வெப்பத்தால் அவிழ்க்கலாம் என்று 1991-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) ஐஎச்சி இத்தனை சுலபமானது. நம் லேப்களில் இதற்கு வீட்டுப் பிரஷர் குக்கர்தான். அதில் தப்பில்லை, முழு அழுத்தத்தில் அதுவும் ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகும். சிக்கல் விசில் கணக்கில் இருக்கிறது. "மூணு விசில்" என்று செய்முறை நோட்டில் எழுதியிருப்பார்கள். கேஸ் அடுப்பில் பெரிய பர்னரில் வைத்தால் மூன்று விசில் சீக்கிரம் வந்துவிடும், இண்டக்‌ஷனில் குறைத்து வைத்தால் வெகுநேரம் ஆகும். குக்கரில் பாதி அளவு பஃபர் ஊற்றினால் ஒரு கணக்கு, முக்கால் அளவு ஊற்றினால் வேறு கணக்கு. கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் விசிலே வராது, பஃபர் மட்டும் வற்றும்.

அதனால் விசிலை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். பஃபரை முதலில் கொதிக்க விட்டு, அதன்பின் ஸ்லைடு ரேக்கை இறக்கி மூடுங்கள். வெயிட் தூக்கி ஆவி சீராக வரத் தொடங்கியதும் தீயைக் குறைத்து அந்த நொடியிலிருந்து மணி பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் என்று தொடங்கி, உங்கள் குக்கருக்கு எது ஒத்துவருகிறது என்று கண்ட்ரோல் ஸ்லைடில் பார்த்து நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். எப்போதும் அதே குக்கர், அதே அடுப்பு, அதே அளவு பஃபர். அழுத்தம் இறங்கியபின் சூடான பஃபரில் இருந்து ஸ்லைடை வெளியே எடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். பஃபரோடு சேர்த்து ஆறவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும். பிஎச் 6 சிட்ரேட், பிஎச் 9 ட்ரிஸ்-இடிடிஏ இரண்டில் எதை உங்கள் குளோனுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று மருந்தோடு வந்த தாளில் இருக்கும். தாள் தொலைந்துவிட்டால் இரண்டிலும் ஒவ்வொரு கண்ட்ரோலைப் போட்டு ஒப்பிட்டுவிடலாம்.

இத்தனையும் சரி என்றால்தான் மருந்தின் மேல் சந்தேகம். அது எப்படி வந்து சேர்ந்தது? பார்சல் வாரக்கடைசியில் கூரியர் ஆபீசில் கிடந்து, ஜெல் பேக் தண்ணீராகி, திங்கட்கிழமை கைக்கு வந்ததா? 2 முதல் 8 டிகிரி வரை வைக்கச் சொன்ன பாட்டிலை யாராவது ஃப்ரீசரில் வைத்தார்களா? ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். உள்தட்டில், நடுவில் வையுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று ஃப்ரிட்ஜில் கட்டாயம் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது மின்சாரம் இல்லாமல் எத்தனை இடங்கள் கிடந்தன என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாட்களுக்குப் பின் "ஃப்ரிட்ஜ் எவ்வளவு சூடானது" என்ற கேள்விக்கு அந்தத் தெர்மாமீட்டர் ஒன்றுதான் பதில் சொல்லும்.

கண்ட்ரோல் அருமையாக வந்திருக்கிறது, நோயாளி ஸ்லைடு மட்டும் வெள்ளை

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் குறிதான். கண்ட்ரோல் வந்துவிட்டதே என்று நிம்மதியாக நெகட்டிவ் எழுதிவிடலாம். அது உண்மையான நெகட்டிவாகவும் இருக்கலாம். மார்பகப் புற்றுகள் எல்லாமே மம்மாகுளோபினை உண்டாக்குவதில்லை. கணிசமான பங்கு நெகட்டிவாகத்தான் இருக்கும், அதிலும் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ரிசெப்டர்கள்), ஹெர்-2 (வளர்ச்சி ரிசெப்டர்) மூன்றும் இல்லாத புற்றுகளில் பெரும்பாலும் வராது. ஆக, நெகட்டிவ் என்பதால் மார்பகம் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அந்த நெகட்டிவ் திசு சொன்னதா, திசுவை நாம் கெடுத்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

மார்பகத் திசுவாக இருந்தால் புற்றுக்குப் பக்கத்தில் இயல்பான பால்நாளங்கள் இருக்கிறதா பாருங்கள். அவற்றில் சில செல்களிலாவது நிறம் இருந்தால் திசு நலமாக இருக்கிறது, புற்றுதான் நெகட்டிவ். நெறிக்கட்டி, எலும்பு, கல்லீரல் என்றால் இந்த வசதி இல்லை. அங்கே அதே பிளாக்கில் வைமென்டின் ஒன்று போட்டுப் பாருங்கள். எந்தத் திசுவிலும் ரத்தக்குழாயும் இணைப்புத்திசுவும் இருக்கும், அவற்றில் வைமென்டின் பளிச்சென்று வந்தாக வேண்டும். அது மங்கியிருந்தாலோ வராமலே போனாலோ அந்தத் திசு ஃபிக்சேஷனில் (ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்துவதில்) கெட்டிருக்கிறது. அந்த பிளாக்கில் மம்மாகுளோபின் நெகட்டிவ் என்று எழுதுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. "இந்தத் திசுவில் தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதி, வேறு பிளாக் கேட்பதுதான் அந்த அம்மாவுக்கு நாம் செய்யும் நியாயம்.

ஃபிக்சேஷன் எங்கே கெடுகிறது? நம்மூர்ப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். மதியம் ஆபரேஷன் முடிகிறது. மார்பகம் முழுதாக ஒரு பாலிதீன் கவரில், ஃபார்மலினே இல்லாமல், அல்லது சலைனில் நனைத்த துணியில் சுற்றி வைக்கப்படுகிறது. பேத்தாலஜி லேப் பாளையங்கோட்டையில், ஆஸ்பத்திரி வேறு ஊரில். சாயங்கால பஸ்ஸில் யாராவது உறவினர் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கத்திரி வெயில் நாளில் அந்தப் பையின் உள்ளே என்ன சூடு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து செல்லுக்குள் இருக்கிற என்சைம்களே புரதங்களைத் தின்னத் தொடங்கிவிடும். ஈஆர், ஹெர்-2 சோதனைகளுக்கு, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். மம்மாகுளோபினுக்கும் அதையே கடைப்பிடித்தால் நல்லது.

ஃபார்மலினில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் நுழையும், உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும், கொழுப்பில் அதைவிட மோசம். முழு மார்பகத்தை வெட்டாமல் அப்படியே போட்டால், அவசரமாக அவித்த பனங்கிழங்கு மாதிரி வெளிப்பக்கம் பதமாகவும் நடுவில் பச்சையாகவும் நிற்கும். கட்டி இருப்பது பெரும்பாலும் நடுவில்தான். ஆகவே வந்தவுடன், அடுத்த நாள் வரை காத்திருக்காமல், கட்டி வழியாக அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிவிட வேண்டும். துண்டுகளுக்கு இடையே துணியோ டிஷ்யூ பேப்பரோ வைத்தால் ஃபார்மலின் நன்றாக இறங்கும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் வேண்டும். ஊறுகாய் பாட்டிலில் அடைத்து, மேலே ஒரு விரல் அளவுக்கு ஊற்றி அனுப்புவதெல்லாம் கணக்கில் வராது.

ஃபார்மலினும் பஃபர் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மில்லி, டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இதைக் கலந்தால் பிஎச் 7-ஐ ஒட்டி நிற்கும். அனுப்பும் ஆஸ்பத்திரிகளுக்கு நாமே கலக்கி, அகல வாய் டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவது சுலபமான வழி. கோரிக்கைப் படிவத்தில் "திசு எடுத்த நேரம்", "ஃபார்மலினில் போட்ட நேரம்" என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துவிடுங்கள். தியேட்டரில் இருக்கும் சிஸ்டரிடம் ஒருமுறை நேரில் போய், "இந்த நேரத்தை எழுதினால்தான் எங்களால் ரிப்போர்ட்டை நம்பிக் கொடுக்க முடியும் சிஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் தெரிந்தால் எழுதுவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பொங்கலுக்கு லேப் வரிசையாக மூடியிருக்கும், திசு ஃபார்மலினிலேயே கிடக்கும். அளவுக்கு மீறிக் கட்டுப்பட்ட திசுவில் ரிட்ரீவல் நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் நிறம் திரும்ப வரும். குறைவாக ஃபிக்ஸ் ஆனதற்குத்தான் மருந்தே கிடையாது.

எலும்பில் பரவிய புற்று என்றால் டீகால்சிஃபிகேஷன் (எலும்பின் சுண்ணாம்பைக் கரைப்பது) எதில் செய்தீர்கள் என்று பாருங்கள். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் மாதிரி வலுவான அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்தால் புரதம் போய்விடும். அவசரமில்லாத கேஸுக்கு இடிடிஏ, கொஞ்சம் அவசரம் என்றால் ஃபார்மிக் அமிலம். ஊசியில் எடுத்த துண்டுகளில் எலும்பில்லாத மெதுவான துணுக்கு ஒன்று கிடைத்தால் அதைத் தனியாக, அமிலம் காட்டாமல் ஒரு பிளாக்காக வையுங்கள். பின்னால் அந்த ஒரு துணுக்குதான் கைகொடுக்கும். நெஞ்சு நீரில் இருந்து செய்த செல் பிளாக் என்றால், நீரை ஆல்கஹாலில் போட்டு அனுப்பினார்களா, ஃபார்மலினிலா என்று கேளுங்கள். ஆல்கஹாலில் ஃபிக்ஸ் ஆனதற்கு ஃபார்மலின் கண்ட்ரோலை வைத்து ஒப்பிடுவது பொருந்தாது.

கடைசியாக, செக்‌ஷன் எப்போது வெட்டியது? வெட்டி வைத்த ஸ்லைடில் புரதம் நாளாக நாளாக மங்கும். ஹெர்-2-க்கு 6 வாரத்துக்கு மேல் பழைய ஸ்லைடைப் பயன்படுத்தக்கூடாது என்பார்கள். பிளாக் கையில் இருக்கும்போது பழைய ஸ்லைடில் போடவேண்டிய அவசியம் என்ன? புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மங்கலாக வருகிறது

கண்ட்ரோலும் சேர்ந்து மங்கினால் முதலில் டைலுஷனை, அதாவது ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்கக் கலக்கினீர்கள் என்பதைப் பாருங்கள். கான்சன்ட்ரேட் வாங்கினால் 1:50, 1:100, 1:200, 1:400 என்று கண்ட்ரோலில் போட்டு, புற்று தெளிவாகவும் பின்னணி சுத்தமாகவும் இருக்கும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த லேபில் என்ன அளவு என்று கேட்டு அதையே போடுவது சரிப்படாது, அவர்கள் குக்கர் வேறு, கிட் வேறு. கலக்கி வைத்த மருந்து கான்சன்ட்ரேட் அளவுக்கு நாள் தாங்காது, தேவைக்கு மட்டும் கலக்குங்கள்.

கழுவியபின் ஸ்லைடில் தேங்கிய பஃபரை வடிக்காமல் ஆன்டிபாடி சொட்டு விட்டால், நீங்கள் கலக்கிய 1:100 அங்கேயே 1:200 ஆகிவிடும். ஸ்லைடைச் செங்குத்தாகத் தட்டி, திசுவைச் சுற்றி மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே மருந்து விடுங்கள். ஹீமடாக்சிலின் தடிப்பாக ஏறினாலும் மெல்லிய பழுப்பு மறைந்துபோகும், அதில் கை வைக்கும்போது சிக்கனமாக இருங்கள்.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. ஹீமடாக்சிலினுக்குப் பிறகு நீலமாக்க அந்தக் கடினத் தண்ணீர் நன்றாகவே வேலை செய்யும், லேசான காரத்தன்மை இருக்கிறதல்லவா. அதே தண்ணீரில் பஃபர் கலக்கினால் பிஎச் நிற்காது, உப்பின் அளவும் மாறிவிடும். பஃபருக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். பேட்டரிக்கு ஊற்றுகிற கேன் தண்ணீரை வாங்கினால் பிஎச்சும் டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ட்ரிஸ் பஃபரில் இன்னொரு நுணுக்கம்: ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் பிஎச் சுமார் 0.03 இறங்கும். 25 டிகிரி ஏசி அறையில் 7.6 என்று சரிசெய்தது, 35 டிகிரி அறையில் 7.3-ஐ ஒட்டி நிற்கும். எந்த அறையில் ஸ்லைடு போடுகிறீர்களோ அங்கேயே பிஎச் பாருங்கள்.

பின்னணி முழுக்கப் பழுப்பு

பிரைமரி போடாத ஸ்லைடை எடுத்துப் பாருங்கள். அதிலும் பழுப்பு இருந்தால் பெராக்சைடு (திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸ் என்சைமை முடக்கப் போடுவது), செகண்டரி, டிஏபி இந்த மூன்றில் ஒன்று. அது சுத்தமாக இருந்தால் பிரைமரியின் அளவு அதிகம், இன்னும் டைலுயூட் செய்யுங்கள். குறை எந்தப் பக்கம் என்று இந்த ஒரு ஸ்லைடே காட்டிவிடும்.

பெராக்சைடு வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காத பொருள். மே மாதத்தில் அலமாரியில் கிடக்கும் பாட்டிலில் பாதி வெறும் தண்ணீராகியிருக்கும். சிவப்பணுக்களும் ஈயோசினோஃபில்களும் பழுப்பாக நிற்கின்றன என்றால் பெராக்சைடு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புதிய பாட்டிலில் 3 சதவீதம் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள்.

மருந்தோடு வரும் தாளில் "அறை வெப்பநிலையில்" என்று போட்டிருந்தால் அது 20–25 டிகிரி. ஏசி இல்லாத நம்மூர் அறையில் டிஏபி ஓட்டமாக ஓடும், ஐந்து நிமிடம் என்று எழுதியிருப்பதை அப்படியே விட்டால் எல்லாம் பழுப்பாகிவிடும். கண்ட்ரோல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, போதும் என்று தோன்றும்போது நிறுத்தி, எடுத்த நேரத்தை எழுதி, அந்தத் தொகுதியின் எல்லா ஸ்லைடுக்கும் அதே நேரம் கொடுங்கள். மார்பகத் திசுவில் கொழுப்பு அதிகம், செக்‌ஷன் தடித்தாலோ மடிந்தாலோ அந்த இடத்தில் மருந்து தேங்கும். 3–4 மைக்ரானுக்கு மேல் வெட்ட வேண்டாம். கழுவும் பஃபரில் ட்வீன் (சோப்பு மாதிரியான பொருள்) கொஞ்சம் சேர்த்தால் நன்றாகக் கழுவும்.

ஓரத்தில் மட்டும் நிறம், நடுவில் இல்லை

இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் தீர்வு வெவ்வேறு. ஓரத்தில் புற்றுச் செல், இணைப்புத்திசு, கொழுப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாமே பழுப்பேறியிருந்தால் ஸ்லைடு காய்ந்திருக்கிறது. மேலே ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். மூடியுள்ள ஈரப்பெட்டியில், அடியில் நனைந்த துணி விரித்து, ஸ்லைடு சமமாகப் படுக்கும்படி வைத்தால் தீர்ந்தது.

ஓரத்தில் புற்றுச் செல்களில் மட்டும் அழகாக நிறம் வந்து, இணைப்புத்திசு சுத்தமாக இருந்து, உள்ளே போகப்போக அதே புற்றுச் செல்கள் வெளுத்துக்கொண்டே போனால் அது ஃபிக்சேஷன். ஃபார்மலின் எட்டிய இடம் வரை நிறம் வந்திருக்கிறது. திரும்பப் போட்டாலும் அப்படியேதான் வரும். ஓரத்தை வைத்து பேத்தாலஜிஸ்ட் முடிவு சொல்லலாம், ஆனால் அவருக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நியூக்ளியஸில் நிறம்

மம்மாகுளோபினுக்கு நியூக்ளியஸில் வேலை இல்லை. சைட்டோபிளாசம் சுத்தமாக இருந்து நியூக்ளியஸ் மட்டும் பளிச்சென்று பழுப்பு என்றால் முதலில் பாட்டில் மாறியதா பாருங்கள். ஈஆர், கேட்டா-3 (மார்பகத்துக்குப் போடும் இன்னொரு மார்க்கர்) இரண்டும் நியூக்ளியஸில் வருபவை, பாட்டில்களும் ஒரே மாதிரி இருக்கும். மூடியில் வேறு வேறு நிற டேப் ஒட்டிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. நியூக்ளியஸும் சைட்டோபிளாசமும் சேர்ந்து மங்கலாகக் கலங்கியிருந்தால் ரிட்ரீவல் அதிகமாகிவிட்டது, அல்லது ஸ்லைடு காய்ந்துவிட்டது.

செக்‌ஷன் கழன்று மிதக்கிறது

கொழுப்புத் திசு குக்கரில் நிற்காது, அது அதன் குணம். பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஸ்லைடு அல்லது பாலி-எல்-லைசின் பூசியது கட்டாயம் வேண்டும். வாட்டர் பாத்தில் இருந்து எடுத்தபின் செக்‌ஷனுக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் ஸ்லைடைச் செங்குத்தாக வைத்து வடியுங்கள். பிறகு 60 டிகிரியில் ஒரு மணி நேரம், அல்லது 37 டிகிரியில் ராத்திரி முழுக்க. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும்போது வெளியில் வைத்துக் காய்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். சீக்கிரம் ஆகட்டும் என்று 80 டிகிரியில் வைப்பதும் ஆகாது, ஒட்டும்தான், புரதம் கெட்டுவிடும்.

கறுப்புப் புள்ளிகள்

புள்ளி திசுவுக்கு மேலே வேறொரு ஃபோகஸில் தெரிந்தால் அது டிஏபி படிவு, வடிகட்டிப் போடுங்கள். திசுவுக்குள்ளேயே, ரத்தம் தேங்கிய இடங்களில் பழுப்புக் கறுப்பாக இருந்து, ஐஎச்சி போடாத ஸ்லைடிலும் அப்படியே இருந்தால் அது ஃபார்மலின் நிறமி. பஃபர் செய்யாத, புளித்துப்போன ஃபார்மலினின் வேலை. ஆல்கஹாலில் பிக்ரிக் அமிலம் கலந்த கரைசலில் வைத்தால் போகும்.

எதிர்பாராத இடத்தில் பாஸிட்டிவ்

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி, வியர்வைச் சுரப்பிக் கட்டி, கருப்பை உட்சவ்வுப் புற்று, இவற்றிலும் மம்மாகுளோபின் வரும். அப்படி வந்தால் மருந்தைக் குறை சொல்லத் தேவையில்லை. மார்பகத்துக்கு மட்டுமே உரிய புரதம் என்று முதலில் நினைத்ததில் இப்படிச் சில விதிவிலக்குகள் தெரியவந்திருக்கின்றன. அதனால்தான் இதைத் தனியாகப் போடாமல் கேட்டா-3, ஜிசிடிஎஃப்பி-15 (இதுவும் மார்பகத்துக்கான மார்க்கர்), ஈஆர் இவற்றோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். கேட்டா-3 சிறுநீர்ப்பைப் புற்றிலும் வரும், ஈஆர் கருப்பைப் புற்றிலும் வரும், ஆக எந்த ஒன்றும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. ஒரே ஒரு ஸ்லைடுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்று குடும்பத்தார் சொன்னால், எதைப் போடுவது என்று நீங்களே முடிவெடுக்காமல் பேத்தாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

போன மாதம் வரை நன்றாக வந்தது

லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியிருக்கும். அதே பெயர், அதே குளோன் என்றாலும் புதிய பாட்டிலின் செறிவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பழையதும் புதியதும் ஒரே கண்ட்ரோல் பிளாக்கில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து செக்‌ஷனில் போட்டு ஒப்பிட்டு, இரண்டு ஸ்லைடையும் தேதியோடு எடுத்து வையுங்கள். பாட்டிலில் திறந்த தேதியும் எழுதுங்கள். பழையது முழுக்கத் தீர்ந்தபின் புதியதைத் திறந்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஓரிரண்டு ஸ்லைடுக்கான மருந்து பாட்டிலின் அடியில் இருக்கும்போதே புதியதைத் திறந்துவிடுங்கள்.